வரி சிறிது, ஏலம் பெரிது

நாவிதன்வெளிப் பிரதேசத்தின் குடியேற்றக் கிராமங்களில் உழவர் கையிலுள்ள காணிப் பத்திரங்களை ஊன்றிப் படிப்போர் அவற்றில் ஒரு முரண்பாட்டைக் காண்பர். அரசு நிலத்தை வழங்குகின்றது; வழங்கிய அதே தாளில், அந்நிலத்தை விரும்பியவாறு விற்கவோ துண்டாடவோ ஆகாது எனத் தடையும் விதிக்கின்றது. நிலம் உரியதாயிற்று, ஆயினும் முற்றும் உரியதாகவில்லை. உழவனை நம்பாத அதிகாரத்தின் மனப்பாங்கே இத்தடை என்று கூறுவோர் உளர். வங்கிக் கடன் பெறுதற்கு இஃது இடையூறு என்று கூறுவோரும் உளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், இத்தடை எங்கிருந்து தோன்றியது என்று வினவினால், அதற்கான விடையைக் கல்லோயாத் திட்டம் வகுக்கப்பட்ட காலத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. அதற்கும் முந்திய ஒரு நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும். அது வரி நிலுவைக்காக நிலங்கள் ஏலத்தில் விற்கப்பட்ட நூற்றாண்டு.

வரி மிகுந்தமையால் உழவன் அழிந்தான் என்பதே பொதுவாகக் கூறப்படும் வரலாறு. அது முழு உண்மையன்று. பல இடங்களில் வரியின் தொகை நிலத்தின் பெறுமதியோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியதாகவே இருந்தது. அச்சிறு தொகையை அறவிடுவதற்காக நிலம் முழுவதையும் கைமாற்றிய விற்பனை முறையே உழவனை வேரோடு பெயர்த்தது. இக்கருத்தை வங்காளம், சென்னை மாகாணம், இலங்கையின் மலைநாடு ஆகியவற்றின் வரலாறு கொண்டு நிறுவி, அதன் ஒளியில் நமது வயல்வெளிகளின் இன்றைய நிலையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருவிலை

நிலுவைக்காக நிலத்தை விற்கும் வழக்கம் ஐரோப்பியர் கொணர்ந்த புதுமையன்று. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள உக்கல் என்னும் ஊரின் கல்வெட்டொன்று, முதலாம் இராசராச சோழனின் இருபத்து நான்காம் ஆட்சியாண்டில், அஃதாவது 1009ஆம் ஆண்டளவில், பிறந்த அரசாணையைக் கூறுகின்றது. பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில் நிலமுடையோர் இரண்டு முழு ஆண்டுகள் வரி இறுக்காது விடின், ஊரார் அந்நிலத்தைக் கைக்கொண்டு விற்றுவிடலாம் என்பது அவ்வாணை. இவ்வாறு பகிரங்கமாக நிகழும் விற்பனையைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘பெருவிலை’ என்னும் சொல்லாற் குறிக்கின்றன.

இவ்வாணையில் இரண்டு செய்திகள் நோக்கற்பாலன. ஒன்று, இரண்டு முழு ஆண்டுகள் என்னும் தவணை. ஒரு மழை பொய்த்தமைக்காக ஒருவன் நிலமிழக்க நேராது. மற்றொன்று, விற்கும் உரிமை ஊராரிடம் இருந்தமை. விற்போரும் வாங்குவோரும் நிலமிழப்பவனும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இதனால் சோழர் கால முறையைப் பொற்காலமென்று புகழவேண்டியதில்லை. ஊர்ச்சபையிற் செல்வாக்குடையோர் அதனைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தியிருத்தல் கூடும். எனினும், தவணையும் அண்மையும் என்ற இவ்விரண்டும் பிற்கால முறையில் அருகிப் போயின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சூரியன் மறையுமுன்

1793இல் கோண்வாலிசுப் பிரபு வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தை நிறுவினார். சமீன்தார்கள் செலுத்தவேண்டிய தொகை என்றென்றைக்குமாக வரையறுக்கப்பட்டது. அதற்கு ஈடாக, குறித்த நாளிற் சூரியன் மறைவதற்குள் பணம் வந்து சேராவிடின் சமீன் ஏலத்திற்கு வரும். ‘சூரியாஸ்தமனச் சட்டம்’ என்று மக்கள் இதனை அழைத்தனர். நாடியா, இராஜசாகி, விஷ்ணுபூர் முதலிய பழம்பெரும் சமீன்கள் இதனாற் சிதைந்தன.

ஆயினும், வலியவர் இவ்வேலத்தை வெல்லவும் கற்றுக்கொண்டனர். 1797இல் பர்த்வான் அரசரின் நிலங்கள் ஏலத்திற்கு வந்தபோது நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். ஏலத்தில் உயர்ந்த விலை கேட்டோருட் பலர் அரசரின் சொந்த ஆட்களே. கேட்ட விலையை அவர்கள் செலுத்தவில்லை. நிலம் மீண்டும் ஏலத்திற்கு வந்தது, மீண்டும் அவர்களே கேட்டனர், மீண்டும் செலுத்தவில்லை. அரசாங்கமும் ஏனையோரும் களைத்துப்போன நிலையில், நிலம் குறைந்த விலைக்கு அரசரின் கைக்கே மீண்டது. நிலத்தின் ‘உண்மை விலை’யை ஏலம் தானாகவே வெளிப்படுத்தும் என்னும் நம்பிக்கை எத்துணைப் பொய்யானது என்பதை இது காட்டுகின்றது. ஆள்பலமும் பணபலமும் உடையவன் ஏலத்தை விளையாட்டாக்குகின்றான். அவையற்றவனை ஏலம் விழுங்கிவிடுகின்றது.

அவையற்றவனின் நிலையைச் சென்னை மாகாணத்திற் காணலாம். அங்குப் பெரும்பகுதியில் இரயத்துவாரி முறை நிலவியது. ஒவ்வோர் உழவனும் நேரே அரசுக்கு வரி செலுத்த வேண்டும். 1864ஆம் ஆண்டின் வருவாய் அறவீட்டுச் சட்டம் நிலுவைக்காக நிலத்தைப் பற்றி விற்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்கு அளித்தது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறவேண்டிய தேவை அரசுக்கு இருக்கவில்லை. தாது ஆண்டுப் பஞ்சம் எனப்படும் 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் மாகாணம் சிதைந்தது. அதன் பின்வந்த ஆண்டுகளில் நடந்ததை, பம்பாய்ச் சிவில் சேவையிற் பணியாற்றிய அலெக்சாண்டர் ரொஜர்ஸ் என்பார் 1893இல் எண்கணக்காக எடுத்துக்காட்டினார். 1879–80 முதல் 1889–90 வரையான பதினோராண்டுகளில் 8,40,713 பேருடைய 19,63,364 ஏக்கர் நிலத்தின் உரிமை நிலவரி நிலுவைக்காக ஏலத்தில் விற்கப்பட்டது. இவற்றுள் 11,74,143 ஏக்கரைக் கேட்க எவரும் முன்வராமையால் அரசாங்கமே அதனை எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

இவ்வெண்களைச் சற்று ஆராய்தல் வேண்டும். நிலத்தின் பரப்பை ஆட்தொகையால் வகுத்தால் ஒருவருக்குச் சராசரி இரண்டேகால் ஏக்கருக்குச் சற்று மேல் வருகின்றது. எனவே நிலமிழந்தோர் பெருநிலக்கிழார் அல்லர். உழுதுண்டு வாழ்ந்த சிறுகுடிகள். மேலும், விற்பனைக்கு வந்த நிலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு கேட்பாரற்றுக் கிடந்தது. நிலம் பயனற்றது என்பதால் அன்று. அந்நிலத்தின்மீது விதிக்கப்பட்ட வரியைச் செலுத்தி அதனை ஆளுதல் இலாபமாகாது என்று ஏலம் கேட்க வல்லவர்களும் கருதினர் என்பதாலேயே. ‘நியாயமான தீர்வை’ என்று அரசு கூறிய ஒன்றைச் சந்தையே ஏற்க மறுத்தது. ரொஜர்சின் வாதத்தின் உயிர்நிலை இதுவே. உரோமேஷ் சந்திர தத்தர் முதலிய இந்தியத் தேசியவாதிகளும் இக்கணக்கைத் தம் வாதங்களில் எடுத்தாண்டனர்.

இலங்கையின் தானியவரி

இனி நம் நாட்டுக்கு வருவோம். நெல் விளைவில் ஒரு பங்கை அரசு பெறுதல் பிரித்தானியருக்கு முன்னரே இலங்கையில் நிலவிய வழக்கமாகும். 1818இல் ஊவா, வெல்லசைப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், அவ்வாண்டு நவம்பர் 21ஆந் திகதிப் பிரகடனம் கண்டிப் பிரதேசங்களுக்குப் பத்திலொரு பங்கை வரியாக விதித்தது. பிரித்தானியர் பக்கம் நின்ற சில பகுதிகளுக்கு அது பதினான்கிலொரு பங்காகக் குறைக்கப்பட்டது. வரி, வருவாய் மட்டுமன்று. தண்டனையும் வெகுமதியும் ஆயிற்று.

இவ்வரியை அறவிடும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரர் வந்து விளைவை மதிப்பிடும்வரை உழவன் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டும். மதிப்பீட்டிற் சூது, தாமதத்தில் மழை, காத்திருப்பில் கதிர் உதிர்வு. இக்கொடுமையை நீக்கும் நோக்குடன் 1840 முதல் பங்கைப் பணமாக மாற்றிச் செலுத்தும் முறை ஊக்குவிக்கப்பட்டது. 1877இல் தானியவரி ஆணைக்குழுவொன்று விசாரணை நடத்தியது. அதன் பயனாக, தேசாதிபதி சேர் ஜேம்ஸ் லோங்டன் காலத்தில், 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தானியவரிக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. குத்தகைக்காரர் ஒழிந்தார். வயல்தோறும் வரி பணமாக வரையறுக்கப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்பட்டது. நிலுவை வைத்தோரின் நிலத்தை விற்கும் அதிகாரம் அரசாங்க அதிபர்களுக்கு உரியதாயிற்று.

இச்சட்டத்தை இயற்றியோர் உழவனுக்குத் தீங்கு செய்யக் கருதினர் என்று கூறுதல் பொருந்தாது. குத்தகைக்காரனின் பிடியிலிருந்து அவனை விடுவிக்கின்றோம் என்றே அவர்கள் நம்பினர். ஆனால், பழைய முறையில் ஒளிந்திருந்த ஒரு நன்மையை அவர்கள் காணவில்லை. விளைவிற் பங்கு என்பது விளைவோடு ஏறும், விளைவோடு இறங்கும். பயிர் அழிந்தால் பங்கும் அழியும். பணவரியோ அவ்வாறன்று. அது பதிவேட்டில் எழுதப்பட்ட எண். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவ்வெண் மாறாது. விளைவின் இடர்ப்பாட்டை முன்னர் அரசும் உழவனும் பகிர்ந்துகொண்டனர். இப்பொழுது உழவன் தனித்துச் சுமந்தான்.

அத்துடன் பணம் வேண்டும். நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதி மலைச்சரிவுகளில் அடுக்கு வயல்களை உடையது. அங்குள்ளோர் விளைத்த நெல் பெரும்பாலும் அவர்தம் உணவுக்கே போதாது. அவர்கள் கையிற் காசு புரண்டது கோப்பியால். வீட்டுத் தோட்டத்துக் கோப்பியை விற்றும், கோப்பித் தோட்டங்களை அண்டிய தொழில்கள் செய்தும் பணம் கண்டனர். 1869இல் இலங்கையிற் கோப்பி இலைநோய் தோன்றியது. 1880களின் தொடக்கத்திற் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. துரைமாரின் வீழ்ச்சி பற்றி நூல்கள் பல பேசுகின்றன. சிங்கள உழவனுக்கும் காசு வரும் வழி அதே வேளையில் அடைபட்டது என்பது குறைவாகவே பேசப்படுகின்றது. நெல் வரியைக் கோப்பிக் காசால் கட்டிவந்தவன், கோப்பி போனதும் வயலைக் கொடுக்க நேர்ந்தது. 1882 முதல் 1885 வரையான ஆண்டுகளில் வலப்பனையில் நிலுவைக்காக வயல்கள் பெருந்தொகையாக விற்கப்பட்டன. நிலமிழந்தோர் வறுமையும் நோயும் உற்று அலைந்தனர், மாண்டோரும் உளர்.

இச்செய்தியை வெளிக்கொணர்ந்தவர்களுள் ஒருவர் அரசாங்கத்தின் உள்ளேயே இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த சீ. ஜே. ஆர். லெ மெசூரியர், வலப்பனையில் நிகழ்ந்த வெளியேற்றங்கள் பற்றி மேலிடத்துக்கு அறிவித்தார். தோட்டத்துரையாயும் வணிகராயும் விளங்கிய ஜோர்ஜ் வோல் தானியவரிக்கு எதிராகப் பத்திரிகைகளில் எழுதிக் கிளர்ச்சி செய்தார். இலண்டனில், கட்டற்ற வணிகத்தையும் உணவுமீது வரியின்மையையும் கொள்கையாகக் கொண்ட கொப்டன் கழகம் இவ்விடயத்தைத் துண்டுப்பிரசுரமாக்கிப் பரப்பியது. வெளியேற்றம் எத்துணைப் பரந்தது, இறப்புகளுக்கு வரிதான் காரணமா என்பன பற்றி அதிகாரிகளுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் கடும் வாதம் நிகழ்ந்தது. முடிவில், தேசாதிபதி சேர் ஆதர் ஹவ்லொக் காலத்தில், 1892ஆம் ஆண்டோடு தானியவரி ஒழிக்கப்பட்டது. வரி ஒழிந்தது, விற்கப்பட்ட வயல்களோ மீளவில்லை. வரியை நீக்குதல் ஒரு கையெழுத்தால் ஆகும். ஏலத்திற் கைமாறிய நிலத்தை மீட்க எந்தக் கையெழுத்தும் போதாது.

ஏலத்தில் விலை ஏன் வீழ்கின்றது

ஒரு வயல் நூறு ரூபா பெறும்; அதன்மீதுள்ள நிலுவை ஐந்து ரூபா எனக் கொள்வோம். அவ்வயல் ஏலத்தில் தொண்ணூறு ரூபாவுக்கு விற்று, எண்பத்தைந்து ரூபா உடையவன் கைக்கு மீளுமாயின், அவனுக்கு நேர்ந்தது துன்பமேயாயினும் அழிவன்று. வேறோரிடத்தில் ஒரு துண்டு நிலமேனும் அவனால் வாங்க இயலும். ஆனால் வயல் ஆறு ரூபாவுக்கே போயின், அவனுக்கு மிஞ்சுவது ஒரு ரூபா. ஐந்து ரூபா வரி நூறு ரூபா நிலத்தை விழுங்கிவிட்டது. ஆகவே வினா இதுதான்: நூறு ரூபா நிலம் ஏன் ஆறு ரூபாவுக்குப் போகின்றது?

முதற் காரணம், உழவர் அனைவரும் ஒரே வேளையில் வறியராதல். நகரில் ஒரு வணிகன் நொடித்தால் அண்டைக் கடைக்காரனிடம் பணம் இருக்கும். நாட்டுப்புறத்தில் அவ்வாறன்று. வெள்ளம் வந்தால் ஒருவன் வயலை மட்டும் தேர்ந்தெடுத்து மூழ்கடிப்பதில்லை. அயலவன், மைத்துனன், உடன்பிறந்தான் எல்லோரும் ஒருங்கே வறியராகின்றனர். நிலத்தின் அருமையை நன்கறிந்தவர்கள் அவர்களே; அதனைக் கேட்கப் பணமில்லாதவர்களும் அவர்களே. எனவே ஏலக்களத்தில் நிற்பவன் அவ்விடருக்குப் புறத்தேயுள்ளவன்: கையிற் காசுடைய கடன்காரன், வணிகன், அல்லது சம்பளமோ செல்வாக்கோ உடைய தலைமைக்காரன்.

இரண்டாவது, அறிவித்தல் சென்றடையாமை. அரசாங்க வர்த்தமானி ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஊரிற் பறையறைந்து அறிவித்தாலும், தவணை எப்போது முடிகின்றது, எங்கே யாரிடம் பணம் கட்டவேண்டும் என்பன எழுத்தறியா உழவனுக்குத் தெளிவாதல் அரிது. அறிவித்தல் சட்டப்படி நிறைவேறியது; பொருள்படி நிறைவேறவில்லை.

மூன்றாவது, வாங்குவோனின் அச்சம். பங்காளிகள் பலர் பிரிக்கப்படாத உரித்தோடு ஆளும் வயலை வாங்குவோன், நாளை வழக்கு வரும், ஊரார் பகை வரும் என அஞ்சுகின்றான். அவ்வச்சத்துக்கெல்லாம் சேர்த்து விலையைக் குறைத்துக் கேட்கின்றான். ஆகவே அறவீடு எத்துணை அவசரமாக நடக்கின்றதோ, அத்துணை விலை வீழ்கின்றது. அரசுக்குத் தன் ஐந்து ரூபா கிடைத்தாற் போதும். அதற்குமேல் விலை ஏறுவதிலோ இறங்குவதிலோ அதற்கு அக்கறை இல்லை. விற்பவனுக்கு விலையில் அக்கறையில்லாத சந்தை, வரி நிலுவை ஏலம் ஒன்றே எனலாம்.

நமது வயல்வெளி

இன்றைய அம்பாறை மாவட்டம் 1961இல் உருவாவதற்கு முன், கல்முனை, சம்மாந்துறை, நாவிதன்வெளி ஆகியன யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தினுள் அடங்கியிருந்தன. கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று என்னும் இப்பற்றுகள் நெல்லால் வாழ்ந்தவை. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டத்தை இயற்றிப் பழைய வேளாண் வழக்காறுகளுக்குச் சட்டவலு அளித்த பின்னர், இறக்காமம், அம்பாறை முதலிய குளங்கள் திருத்தப்பட்டன. வட்டைகளில் நீர்ப்பங்கீட்டை வட்டவிதானைமார் கண்காணித்தனர்.

வலப்பனையோடு ஒப்பிடுகையில் இக்கரைக்கு ஒரு வேறுபாடு உண்டு. இங்கு நெல் உணவு மட்டுமன்று, விற்பனைப் பண்டமும் ஆகும். குளத்துநீர் கிடைத்த இடங்களில் விளைவு ஓரளவு உறுதியாயிற்று. வரியைப் பணமாகக் கட்டக் கோப்பியை நாடவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆகவே, ஒரே வரி இரு நிலங்களில் இருவேறு விளைவுகளைத் தரவல்லது. நீரும் சந்தையும் உள்ளவிடத்து வரையறுத்த பணவரி சுமை. அவையில்லாதவிடத்து அதுவே கொலைக்கருவி.

ஆயினும், இப்பகுதியின் சமூக அமைப்பில் நிலமிழப்பின் பொருளே வேறு. இங்குத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடும் வயலும் பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகின்றது. மணமகன் மணமகளின் வீட்டுக்கு வருகின்றான். எனவே ஒரு வயல் ஏலத்திற் போவதென்றால், ஓர் உழவன் தன் தொழிலை இழப்பது மட்டுமன்று. ஒரு மகளின் திருமணம் தடைப்படுகின்றது, ஒரு குடியின் கால்வழி அறுகின்றது. நிலமிழந்தவன் ஊரை விட்டு ஓடவேண்டியதில்லை. அவ்வயலிலேயே போடியாரின் கீழ் முல்லைக்காரனாகவோ வயற்காரனாகவோ தொடர்ந்து உழலாம். வயல் அங்கேயே இருக்கும். அவனும் அங்கேயே இருப்பான். உரித்து மட்டும் இராது. புள்ளிவிவரங்களில் ‘வெளியேற்றம்’ என்று பதியப்படாத வெளியேற்றம் இதுவே.

இந்த அனுபவங்களின் நிழலிலேதான் 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிந்தனையையும் அதன் வழிவந்த 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டும். முடிக்குரிய காணியை உழவருக்கு வழங்க வேண்டும்; வழங்கிய காணி மீண்டும் கடன்காரன் கைக்கோ நிலத் தரகன் கைக்கோ போய்விடலாகாது என்பது அதன் அடிப்படை. அதனால், அச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை எந்த நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுதற்காகவும் கைப்பற்றி விற்றலாகாது என விதிக்கப்பட்டது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் அணை எழுந்து, இடதுகரையிற் குடியேற்றங்கள் தோன்றியபோது, இச்சட்டமும் அவற்றோடு வந்தது. மத்திய முகாமிலும் அதனை அண்டிய குடியேற்றங்களிலும் வழங்கப்பட்ட பத்திரங்களின் நிபந்தனைகள் ஏலத்துக்கு எதிராக எழுப்பிய வேலிகளே.

அவ்வேலி குறையற்றதன்று. நிபந்தனை மீறியோரின் அனுமதிப்பத்திரத்தை நீக்கும் அதிகாரம் அதிகாரிகளிடம் இருந்தது. கடன்காரனுக்கு அஞ்சாதவன் கந்தோருக்கு அஞ்ச நேர்ந்தது. பின்னுரித்தாளரைக் குறிக்கும் அட்டவணை நெடுங்காலம் ஆண்மக்களை முற்படுத்தியது. பெண்வழியில் நிலம் செல்லும் இக்கரையின் வழக்கத்தோடு அது முரண்பட்டது. விற்கலாகாத நிலம் எழுத்தின்றி, கையளிப்பாக, குறைந்த விலைக்குக் கைமாறுவதும் உண்டு. வேலி இருந்தால் அதில் ஓட்டையும் இருக்கும். ஆயினும் ஓட்டையைக் காட்டி வேலியையே பிடுங்குதல் அறிவுடைமையாகாது.

மிகுதிப்பணம் யாருக்கு

நிலுவைக்காக நிலம் விற்கும் முறை கடந்த காலத்தோடு ஒழிந்துவிட்டது எனக் கருதுதல் தவறு. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றில் ஆதனவரி செலுத்தப்படாத வீடுகளையும் காணிகளையும் மாவட்ட நிருவாகங்கள் இன்றும் ஏலமிடுகின்றன. பெருநகரங்களை அண்டிய செல்வப் புறநகர்களில் இவ்வேலங்களைக் குறிவைத்து வாழும் முதலீட்டாளர்கள் உளர். விற்பனைப் பட்டியலை முன்கூட்டியே ஆராய்ந்து, உறுதிகளைச் சரிபார்த்து, கணக்கிட்டு வந்து விலை கேட்பர். போட்டி மிகுதியாதலின் விலையும் உயர்கின்றது. மேற்கூறிய வாதப்படி இது நன்மையன்றோ? கேட்பாரற்றுக் கிடந்த சென்னை மாகாணத்து நிலங்களோடு ஒப்பிட, விலை உயரும் ஏலம் உடையவனைக் காப்பாற்றுமன்றோ?

காப்பாற்றும், மிகுதிப்பணம் அவனுக்கு மீளுமாயின். மினசோட்டா மாநிலத்தின் ஹெனப்பின் மாவட்டத்தில் ஒரு மூதாட்டியின் தொடர்மாடி வீடு இவ்வகையில் விற்கப்பட்டது. அவர் செலுத்தாதிருந்த வரி ஏறத்தாழ 2,300 டொலர். வட்டியும் தண்டமும் சேர்ந்து அஃது ஏறத்தாழ 15,000 டொலராயிற்று. வீடு 40,000 டொலருக்கு விற்கப்பட்டது. எஞ்சிய 25,000 டொலரையும் மாவட்டமே வைத்துக்கொண்டது. அம்மாநிலச் சட்டம் அதற்கு இடமளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2023ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி, நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக, வரிக்கு மேற்பட்ட தொகையை அரசு எடுத்துக்கொள்ளுதல் இழப்பீடின்றிச் சொத்தைப் பறித்தலாகும் என்று மூதாட்டியின் சார்பிற் கருதினர். அத்தீர்ப்பு 1215ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டாவையும் சான்றாகக் காட்டியது. கடனளவே அரசனுக்கு, மிகுதி உடையவனுக்கு என்னும் நெறி அத்துணைப் பழையது. உலகின் செல்வ நாடொன்றிலும் அந்நெறி 2023 வரை வாதிட்டுப் பெறவேண்டியதாயிற்று.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து ஓர் அளவுகோலை வகுக்கலாம். நிலுவை விற்பனை எதனையும் நான்கு வினாக்களால் அளத்தல் வேண்டும். இடர் நேர்ந்த ஆண்டில் தவணை நீள்கின்றதா? அறிவித்தல் உடையவனின் மொழியில், அவன் விளங்கும்படி சென்றடைகின்றதா? விற்ற பின்னும் குறித்த காலத்தினுள் பணம் கட்டி மீட்க வழியுண்டா? மிகுதிப்பணம் உடையவனுக்கு மீள்கின்றதா? வரியின் வீதம் என்ன என்னும் வினா இவற்றுக்குப் பின்னரே வருகின்றது.

இன்றைய வினா

இந்நான்கு வினாக்களும் நமக்குப் புறம்பானவையல்ல. உள்ளூராட்சிச் சட்டங்களின் கீழ், சோலைவரி நிலுவைக்காகச் சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரம் மன்றங்களுக்கு உண்டு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடுவைத்த சொத்தை நீதிமன்றத் தீர்ப்பின்றியே ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்கியது. ‘பராட்டே’ என்று வணிகரிடையே வழங்கும் இவ்வதிகாரம், பொருளாதார நெருக்கடியிற் சிக்கிய தொழில்முயல்வோரின் எதிர்ப்பால் 2024இல் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. நெருக்கடி ஆண்டில் எல்லோரும் ஒருங்கே வறியராவர், அவ்வேளை ஏலம் நீதியாகாது என்னும் உண்மையை, வலப்பனைக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரேனும், சட்டம் ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

அதே 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘உறுமய’ என்னும் வேலைத்திட்டம் தொடங்கப்பட்டது. அனுமதிப்பத்திரமும் அளிப்பும் உடைய இருபது இலட்சம் பேருக்குக் கட்டுப்பாடற்ற முழு உரித்தை வழங்குதல் அதன் இலக்கெனக் கூறப்பட்டது. முழு உரித்து உழவனின் நெடுநாள் வேட்கை; அதனை யாரும் இகழ்தல் தகாது. தன் நிலத்துக்குத் தானே உடையவனாதல் மானம் சார்ந்தது. மகளுக்கு எழுதிக் கொடுக்கக் கந்தோரின் அனுமதியை எதிர்நோக்கி நிற்றல் இழிவே. ஆயினும் முழு உரித்து என்பது விற்கும் உரிமை மட்டுமன்று. விற்கப்படக்கூடிய தன்மையும் ஆகும். 1935இல் எழுப்பிய வேலி அகலும்போது, ஈட்டுக்கும் ஏலத்துக்கும் வழி திறக்கின்றது. கிட்டங்கிக்கு அப்பாலுள்ள வயலொன்று, மாரி வெள்ளத்தில் அழிந்த ஓராண்டில், யாருடைய பெயரில், என்ன விலைக்கு ஏலம் கேட்கப்படும் என்பதைச் சென்னை மாகாணத்தின் எண்களும் வலப்பனையின் வரலாறும் முன்கூட்டியே உரைக்கின்றன.

எனவே வேலியை நீக்குவதா, வைத்திருப்பதா என்று மட்டும் வாதிடுதல் போதாது. நீக்குவதாயின் அதன் இடத்தில் எதனை வைப்பது என்பதே நம் தலைமுறையின் வினா. இடராண்டில் தவணை, தாய்மொழியில் அறிவித்தல், மீட்கும் உரிமை, மிகுதிப்பணம் மீளுதல் என்னும் நான்கும் சட்டத்தில் உறுதியாக எழுதப்பட்ட பின்னரே முழு உரித்து முழு நன்மையாகும். இரண்டு முழு ஆண்டுகள் பொறுத்திருக்கச் சோழர் கால அரசாணை அறிந்திருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுதப்படும் சட்டம் அதனினும் குறைவாகப் பொறுப்பதற்கு நியாயம் இல்லை.

உரித்துப் பெறும் உழவனுக்குப் பத்திரத்தைக் கையளிப்பதோடு கடமை முடிந்துவிடாது. அதன் ஒவ்வொரு வாசகமும் என்ன தருகின்றது, எதனைத் திறந்துவிடுகின்றது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பதும் கற்றோரின் கடனாகும். நிலத்தின் வரலாறு பயில்வோர் முதலில் ஆற்றவேண்டிய பணி அதுவே எனலாம்.